இன்று யார் முறை?

எங்கள் ஊரான ஐன் ஸித்தானின் டாக்ஸி நிலையத்துக்கு வந்து ஹம்மு எங்கே என்று யாராவது கேட்டால், "மீசையைத் தேடுங்க, பின்னாலேயே ஆள் இருப்பான்" என்பார்கள். அப்படி ஒரு மீசை. இரண்டு முனையும் வானத்தைப் பார்த்து நிற்கும். காலையில் எழுந்ததும் முதல் எண்ணெய் அதற்கு, மிச்சம்தான் வண்டிக்கு என்று அவன் மனைவி ருக்கியா சொல்லிச் சிரிக்காத நாள் இல்லை.

ஹம்முவுக்கு இந்த உலகத்தில் அறவே பிடிக்காதவை இரண்டு. ஒன்று பர்மிட். இன்னொன்று முறை.

அவன் ஓட்டும் பழைய பென்ஸ் அவனுடையதுதான். ஆனால் அதை டாக்ஸியாக ஓட்டும் உரிமை தலைநகர் ரபாத்தில் இருக்கும் ஓர் அம்மாளுடையது. அந்த அம்மாளின் வீட்டுக்காரர் எந்தக் காலத்திலோ யாருக்கோ ஏதோ நல்லது செய்தாராம், அதற்காக மேலிடத்தில் மனம் குளிர்ந்து கொடுத்த பர்மிட். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பர்மிட் போகவில்லை. மாதம் பிறந்தால் ஹம்மு அதற்கு வாடகை அனுப்ப வேண்டும். வண்டி என்ன நிறம் என்றுகூட அந்த அம்மாளுக்குத் தெரியாது. கியர் போட்டுப் போட்டு இவன் தோள்பட்டை தேய்ந்தது, அங்கே அந்த அம்மாளுக்குப் பல் கட்டியாயிற்று, மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று.

முறை என்பது வேறு தலைவலி. நிலையத்தில் வண்டிகள் வந்த வரிசையில் நிற்கும். முதல் வண்டியில் ஆறு பேர் நிறைந்து அது கிளம்பும் வரை மற்றவன் தேநீர் குடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஐந்து பேர் ஏறி உட்கார்ந்துகொண்டு ஆறாவது ஆளுக்காக மணிக்கணக்கில் வியர்ப்பது எங்கள் ஊரில் பிறந்த எல்லோருக்கும் பழக்கம். அப்படிக் காத்திருந்த வண்டிக்குள்ளேயே கல்யாணம் பேசி முடித்தவர்கள் உண்டு. அந்தக் கல்யாணம் முறிந்து போனபோதும் வண்டி கிளம்பியிருக்கவில்லை என்று கதை சொல்வோரும் உண்டு.

இதில் ஆக மோசமானது மலை முறை. தினம் ஒரு வண்டி மலை ஊரான தீஸி மெல்லாலுக்குப் போயே ஆக வேண்டும். விடியலில் காலியாக ஏறி, ஆட்களைக் கீழே கொண்டுவந்து, மாலையில் ஏற்றிக்கொண்டு போய், மறுபடி காலியாக இறங்க வேண்டும். செலவுக்கும் கட்டாது, வண்டிக்கும் ஆகாது. அதனால் மலை முறை வந்த அன்று டிரைவர்களின் வீடுகளில் இழவு விழும். ஹம்முவின் மாமா ஒருவர் மட்டும் நான்கு தடவை செத்திருக்கிறார். முறையை நடத்துபவன் ஷர்கி. நிலையத்தில் ஊர்ப்பெயர் கூவி ஆள் சேர்ப்பது அவன் தொழில். அவன் "ஃபெஸ்! ஃபெஸ்!" என்று கூவினால் ஃபெஸ் நகரத்துக்கே கேட்கும். ஒவ்வொரு சாவுக்கும் அவன் முகத்தை நீட்டி, "நல்ல மனுஷன். போன சாவிலேயும் இப்படித்தான் திடீர்னு போனார்" என்று துக்கம் விசாரிப்பான்.

இத்தனைக்கும் ஹம்முவின் சொந்த அக்கா இத்தோ அந்த மலையில்தான் இருந்தாள். புருஷன் போனபின் தனியாக, ஆடுகளோடு. இரண்டு வருஷமாகச் சிறுநீரகம் பழுது. திங்களும் வியாழனும் கீழே ஆஸ்பத்திரிக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், இரண்டு தடவை தவறினால் மூச்சு வாங்கும், மூன்றாவதைப் பற்றி டாக்டர் பேசவே மாட்டார்.

"எங்களோட டவுன்ல வந்து இரு அக்கா," என்று ஹம்மு கூப்பிடாமல் இல்லை.

"என் ஆட்டை யாரு பாத்துக்கறது? உன் மீசையா?" என்பாள் அவள்.

அந்த வசந்தத்தில்தான் ரபாத்திலிருந்து அந்தச் செய்தி வந்தது. ஒரு வருஷச் சோதனையாம், அதற்கு எங்கள் மாகாணத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். பர்மிட் கிடையாது. முறை கிடையாது. நிர்ணயித்த கட்டணமும் கிடையாது. நல்ல வண்டியும் லைசென்ஸும் உள்ள எவரும் எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம், எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். சரிப்பட்டு வந்தால் மலை மாகாணங்கள் அத்தனைக்கும் இதுவே வரும்.

நிலையத்துக் காப்பிக்கடையில் ஹம்மு மேஜையைத் தட்டியதில் கண்ணாடித் தம்ளர்கள் குதித்தன.

"சொன்னேனா இல்லையா? இருபது வருஷமாச் சொன்னேன். ரோடு எல்லாருக்கும் பொதுடா! கட்டை அவுத்து விட்டா எல்லாம் தானா ஓடும்!"

"ஓடும். எங்க ஓடும்?" ஷர்கி தேநீரை ஊதினான். "மலைக்கு எவன் ஓடுவான்?"

"ஆள் நிக்கிற எடத்துக்கு வண்டி தானா வரும். ஈ வரலியா? ஈக்கு எவனாச்சும் முறை போட்டு அனுப்பறானா?"

"ஈ தேனுக்கு வரும் தம்பி. தீஸி மெல்லால்ல இருக்கறது பனி."

கடை முழுக்கச் சிரித்தது. ஹம்முவுக்குச் சிரிப்பு ஆகாது, அதுவும் தன்னைப் பார்த்து என்றால் சுத்தமாக ஆகாது. எழுந்து நின்றான். மீசையின் வலது முனையைப் பிடித்தான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இனிமே தீஸி மெல்லால் ரோட்டுல ஒரே ஒரு ஆள் வண்டியில்லாம நின்னான்னு தெரிஞ்சா, இதை வழிச்சுப் போட்டுட்டு ஊர் நடுவுல நடந்து வரேன்."

"வல்லாஹி? ஆண்டவன் மேல ஆணையா?"

"வல்லாஹி!"

இதற்குப் பிறகு பேச என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் வீட்டை விற்கிறேன் என்று சொல்லிவிட்டு மாற்றிக்கொள்ளலாம், பெண் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுக்கூட மாற்றிக்கொள்ளலாம். மீசை மேல் சொன்னதை மாற்றிக்கொண்டு உயிரோடு இருந்தவன் கிடையாது.

கோடைக்காலம் ஹம்முவின் பக்கம் நின்றது. அதை மறைக்கக் கூடாது. எங்கிருந்தோ புதுப்புது வேன்கள் வந்து இறங்கின. சீட்டில் பெல்ட் இருந்தது, ஜன்னல் கண்ணாடி கையால் தூக்காமலே ஏறியது. கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துக் கேட்டார்கள். ஃபெஸ்ஸில் படிக்கும் பெண்பிள்ளைகள் முன்பு விடுதியில் கிடந்து வாடியவர்கள், இப்போது வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்தார்கள். ஆறாவது ஆளுக்காகக் காத்திருந்தவர்கள் அந்தப் பழக்கத்தையே மறந்தார்கள். மலைக்கும் வேன் ஏறியது. ஒரு வேன்காரன் இத்தோவின் வாசல் வரை போய் ஹாரன் அடித்தான்.

"தம்பி, ராஜாத்தி மாதிரி ஏத்திட்டு வரான்டா," என்று இத்தோ போனில் சிரித்தாள். "நீ சொன்னதுல ஒண்ணாவது உருப்படியா இருந்திருக்கு."

ரபாத் அம்மாளும் போன் செய்தாள். "மகனே, வாடகை வரலைன்னா நான் எப்படிப் பிழைக்கறது?"

"இப்ப யாரு வேணும்னாலும் ஓட்டலாம் அம்மா. ஒரு வேன் எடுத்து ஓட்டுங்க," என்றான் ஹம்மு. வயதானவளிடம் இப்படிப் பேசலாமா என்றால், பேசக் கூடாதுதான். ஆனால் அன்று கடையில் இருந்த ஒவ்வொரு டிரைவரும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தான்.

ஷர்கிக்குத்தான் வேலை போயிற்று. முறை இல்லாத இடத்தில் கூவுகிறவன் எதற்கு? நிலையத்து மூலையில் ஒரு தள்ளுவண்டி போட்டு, அவித்த முட்டையும் சீரகப் பொடியும் விற்க உட்கார்ந்தான். பழக்க தோஷம், "முட்டை! முட்டை!" என்று அவன் கூவினால் முட்டை ஃபெஸ்ஸுக்குக் கிளம்பப் போகிறது என்றே தோன்றும். ஹம்மு தினமும் இரண்டு முட்டை வாங்கினான். அனுதாபத்தில் என்று அவன் சொல்லிக்கொண்டான். ஷர்கி உரித்துக் கொடுக்கும்போதெல்லாம் முட்டையைப் பார்ப்பான், பிறகு ஹம்முவின் மேலுதட்டைப் பார்ப்பான்.

பெருநாளுக்கு முந்தின தினம் ஃபெஸ் கட்டணம் மூன்று மடங்கு ஏறியது. ஊருக்குத் திரும்ப வேண்டியவர்கள் கத்தினார்கள், சபித்தார்கள், கொடுத்தார்கள். வாங்கியவர்களில் ஹம்முவும் உண்டு. கூச்சப்பட்டுக்கொண்டே வாங்கினான், ஆனால் வாங்கினான்.

பிறகு பனி விழுந்தது.

முதல் பனிக்கே வேன்கள் எல்லாம் கீழ்ப்பக்கம் திரும்பிக்கொண்டன. ஃபெஸ் விமான நிலையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் இறங்குகிற பருவம். தார் ரோடு, வழவழப்பு, நல்ல கூலி. அதை விட்டுவிட்டு எவன் சக்கரத்தில் சங்கிலி கட்டிக்கொண்டு மலை ஏறுவான்? அவர்களைக் குறை சொல்ல முடியாது. போகாமல் இருக்கவும் சுதந்திரம் கொடுத்த பிறகு போகவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஹம்முவின் போன் அடித்தது.

"தம்பி," என்றாள் இத்தோ, "உன் சுதந்திரம் இன்னைக்கு லீவா?"

"எங்க இருக்கே அக்கா?"

"மைல்கல்லுகிட்ட, பனியில. நான் மட்டும் இல்ல. வாத்தியார் நிக்கிறார். தேன்காரர் இத்ரீஸும் அவர் பொஞ்சாதியும் நிக்கறாங்க. உன் ஈ ஒண்ணையும் காணோம்."

நான்கு பேர், வண்டியில்லாமல், தீஸி மெல்லால் ரோட்டில். ஹம்மு கையிலிருந்த ரொட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். அக்காவுக்காக ஓடினானா, மீசைக்காக ஓடினானா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. இரண்டும் ஒரே வண்டியில்தான் ஏறின. தேவதாரு மரங்களுக்கு நடுவே பென்ஸ் இரண்டு இடத்தில் வழுக்கியது, ஓரிடத்தில் குறுக்கே திரும்பி நின்றது. போய்ச் சேர்ந்து நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டான். அக்காவை மட்டும் ஏற்றிக்கொண்டு மற்றவர்களை விட்டுவிட முடியுமா? நிற்கிற ஒவ்வொரு ஆளும் மீசையில் ஒரு முடி.

அன்றிலிருந்து திங்களும் வியாழனும் ஹம்மு மலை ஏறினான். புதன்கிழமை சந்தைக்கும் ஏறினான், ஏனென்றால் சந்தை நாளில்தான் நிறையப் பேர் நிற்பார்கள். மற்ற நாட்களிலும் யாராவது முதல் நாளே போன் செய்து சொன்னால் ஏறினான். நான்கு தடவை மாமாவைக் கொன்று முறையிலிருந்து தப்பித்தவன், இப்போது முறையே இல்லாத ஊரில் தன்னந்தனியாக முழு முறையையும் ஓட்டினான். கட்டணத்தையும் ஏற்றவில்லை. ஏற்றினால் யாராவது கொடுக்க முடியாமல் நின்றுவிடுவார்களே!

கீழே வந்து கேட்டவர்களிடம், "மலையில இப்ப நல்ல வரும்படி" என்று அளந்தான். இதை நம்பி ஒரு வேன்காரன் ஒருநாள் ஏறினான். சங்கிலி அறுந்து, ஒரு கிழவரையும் ஓர் ஆட்டையும் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தான். ஆடு புது சீட்டு முழுவதும் தன் கடமையைச் செய்திருந்தது. அதோடு மலைப்பக்கம் எவனும் எட்டிப் பார்க்கவில்லை.

ருக்கியாவிடம் மட்டும் பொய் எடுபடவில்லை. "அக்காவுக்குப் போறே, அது சரி, போகணும். மத்தவங்களுக்கும் போறது யாருக்காக?" என்று கேட்டாள். "மீசைக்குத் தீனி போட்டே நம்ம சம்பாத்தியம் போகுது. கழுதை வளர்த்திருந்தாலும் இதைவிடக் கம்மியாத் தின்னிருக்கும்."

மலை மக்களோ வாயாரப் புகழ்ந்தார்கள். தேன்காரர் இத்ரீஸ் முன் சீட்டில் கியரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "முறை இருந்த காலத்துல வாரத்துல ரெண்டு நாள் வண்டி வராது. எவன் வீட்டுலயாவது சாவு. இப்பப் பாரு, ஒரு சாவு உண்டா? எல்லாம் சுதந்திரம் வந்த நேரம்!" என்பார். ஹம்மு ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டுவான். பின் சீட்டில் இத்தோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிப்பாள். அவளுக்கு எல்லாம் தெரியும். தம்பியின் மானம் தன் காலைவிட வீங்கியிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

சோதனை வருஷம் முடிகிற சமயத்தில் ரபாத்திலிருந்து ஸி லஹ்பாபி என்ற அதிகாரி வந்தார். கெட்டிக்காரர், மரியாதை தெரிந்தவர், மெல்லிய கம்பளிச் சட்டை போட்டவர். கீழே எல்லாம் பார்த்தார், மாணவிகளோடு பேசினார், திருப்திப்பட்டார். மலைதான் அவருக்குச் சந்தேகம். அரசு ஜீப்பில் தீஸி மெல்லாலுக்கே ஏறினார்.

"பனிக்காலத்தில் வண்டி வந்ததா?"

"வந்துச்சுங்க, அல்ஹம்துலில்லா. முந்தியைவிட ஒழுங்கா வந்துச்சு," என்றார்கள். அவர்கள் சொன்னதில் ஓர் எழுத்துப் பொய் இல்லை.

"யார் அனுப்பினார்கள்?"

"யாரும் அனுப்பல. தானா வந்துச்சு."

ஸி லஹ்பாபிக்குக் கண்ணில் நீர் வராத குறை. வரும் வியாழக்கிழமை காலை நகரமன்றத்தில் எல்லோரையும் கூட்டி, மலைக்கு ஓட்டிய டிரைவரைச் சாட்சியாகப் பேச வைத்து, மற்ற மலை மாகாணங்களுக்கும் இதையே சிபாரிசு செய்யப் போவதாக அறிவித்தார். ஆளை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டதற்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

செய்தி கேட்டு ஹம்மு அன்று முழுவதும் தரையில் நடக்கவில்லை. ஷர்கியின் தள்ளுவண்டிக்கு முன்னால் போய் நின்று, மீசையைத் திருகி, மூன்று முட்டை கேட்டான். ஷர்கி உரித்துக் கொடுத்தான்.

"ஜெயிச்சுட்டே," என்றான் ஷர்கி. "ஒரு ஆள்கூட நிக்கல. ஒத்துக்கறேன்." பிறகு சீரகத்தைத் தூவிக்கொண்டே, "மாமா சுகமா?" என்றான்.

ஹம்மு மூன்றாவது முட்டையைத் தின்னாமலே திருப்பிக் கொடுத்தான்.

வியாழன் விடியலில் வழக்கம்போல் அக்காவை அழைத்து வந்தான். அன்று பின் சீட்டில் வேறு யாரும் இல்லை. இத்தோவும் சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில என் பக்கத்துக் கட்டில்ல யாம்னான்னு ஒருத்தி," என்றாள். "அந்தப்பக்க மாகாணம். எங்க ஊரைவிட உசரமான ஊராம். அவங்க ஊருக்கு இன்னும் முறை வண்டிதான் வருது. திட்டிக்கிட்டே வர்றாங்களாம், ஆனா வர்றாங்களாம். இப்ப அங்கயும் எல்லாத்தையும் அவுத்து விடப் போறாங்களாமேன்னு எங்கிட்டக் கேட்டா. பயப்படாதே, எங்க ஊர்ல நல்லாத்தான் நடக்குது, என் தம்பி தவறாம வரான்னேன்."

"ம்."

"அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? எனக்கு வண்டி ஓட்டற தம்பி இல்லையேக்கான்னா."

ஆஸ்பத்திரி வாசலில் அவள் இறங்கிக்கொண்டாள். தம்பியிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பான்.

ஹம்மு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். கண்ணாடியில் மீசை தெரிந்தது. அவமானமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது, அந்த முகம் தெரியாத யாம்னா மேல்தான் கோபம். அவளை யார் அங்கே போய்ப் பிறக்கச் சொன்னது? பிறகு அந்தக் கோபமும் நிற்கவில்லை. வண்டியை எடுத்து நேரே முடிதிருத்தும் கடைக்கு விட்டான்.

கடைக்காரர் இருபது வருஷமாக அந்த மீசையை ஓரம் மட்டும் ஒதுக்கிக் கொடுத்தவர். "வழக்கம்போலத்தானே?" என்றார்.

"முழுசும்."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "வீட்டுல யாராச்சும்..?"

"யாரும் சாகல. வழி."

நகரமன்றத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. மேடையில் ஸி லஹ்பாபி. ஹம்மு நுழைந்தபோது முதலில் யாருக்கும் ஆள் தெரியவில்லை. தெரிந்ததும் கடைசி வரிசையில் ஒருவன் "யா லத்தீஃப்!" என்று வாயைப் பொத்திக்கொண்டான். அங்கிருந்து வரிசை வரிசையாக மௌனம் முன்னால் வந்தது. டிரைவர்கள் எழுந்து நின்றார்கள். ஷர்கியின் முகத்தில் ஈயாடவில்லை. ஜெயித்தவன் அவன்தான், ஆனால் ஒரு வருஷமாகக் காத்திருந்த சிரிப்பு அவனுக்கு வரவே இல்லை.

ஸி லஹ்பாபிக்கு மட்டும் எதுவும் விளங்கவில்லை. "மலை டிரைவர் ஹம்மு இன்னும் வரவில்லையா? பெரிய மீசைக்காரர் என்றார்களே?"

"நான்தாங்க."

"நீங்களா? மீசை..?"

"அதைச் சொல்லத்தான் வந்தேன்." வெறும் உதடு குளிர்ந்தது. இருபது வருஷமாகக் காப்பிக்கடையில் மேஜை தட்டியவனுக்கு இப்போது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "பனியில தீஸி மெல்லாலுக்கு வண்டி தானா வந்துச்சுன்னு உங்ககிட்டச் சொல்லியிருக்காங்க. தானா வரலீங்க. ஒரு ஆள் நின்னாலும் மீசையை எடுக்கறேன்னு நான் வாய் விட்டிருந்தேன். முதல் பனி விழுந்த அன்னைக்கே நாலு பேர் நின்னாங்க. அன்னைக்கே எடுத்திருக்கணும். எடுக்காம மறைச்சு மறைச்சு ஓட்டினேன். மலைக்கு வண்டியை ஓட்டினது சுதந்திரம் இல்லீங்க. என் மீசை."

யாரும் சிரிக்கவில்லை.

"அப்படியானால்," என்றார் ஸி லஹ்பாபி மெதுவாக, "பழையபடி எல்லாம் திரும்ப வர வேண்டும் என்கிறீர்களா?"

"பர்மிட்டா?" ஹம்முவுக்குப் பழைய குரல் திரும்பியது. "அந்த ரபாத் அம்மாவுக்கு இனி ஒரு திர்ஹம் குடுக்க மாட்டேன், தலையை வாங்கினாலும் சரி! புள்ளைங்க ஃபெஸ்ல இருந்து வருதுங்க, வரட்டும். வேன் ஓடட்டும். மலைக்கு மட்டும் முறை வேணும். இல்லேன்னா ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மீசையும், அந்த மீசைக்கு அந்த ஊர்ல ஒரு அக்காவும் இருக்கணும். அதை ரபாத்துல இருந்து அனுப்ப முடியுமா உங்களால?"

ஸி லஹ்பாபி நல்ல மனிதர். கடைசியில், இந்த அம்சம் மேலும் ஆராயப்பட வேண்டும், அதுவரை மற்ற மாகாணங்களைப் பற்றி முடிவு சொல்வதற்கில்லை என்றார். ரபாத்தில் மேலும் ஆராய்வது என்றால் குறைந்தது நாங்கள் எல்லோரும் கிழவர்கள் ஆகும் வரை. யாம்னாவின் ஊருக்கு முறை வண்டி, திட்டிக்கொண்டே, போய்க்கொண்டிருக்கிறது. அரசாங்கத்தின் தாமதத்துக்கு நான் துஆ செய்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

எங்கள் நிலையத்தில் டிரைவர்கள் ரபாத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு மீசை போனது எல்லோர் முகத்தையும் ஏதோ செய்துவிட்டது. வேன்காரர்களையும் இழுத்து உட்கார வைத்து, அடித்துக்கொள்ளாத குறையாகக் கத்தி, மலைக்கு மட்டும் முறை என்று அவர்களே பேசி முடித்தார்கள். நடத்துவது யார் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை விடியலில் ஷர்கி தள்ளுவண்டியை விட்டுவிட்டு நிலையத்தின் நடுவில் வந்து நின்று, ஒரு வருஷமாக முட்டைக்கு வீணான தொண்டையைத் திறந்தான்.

"தீஸி மெல்லால்! தீஸி மெல்லால்! இன்னைக்கு யார் முறை?"

யார் முதலில் என்று சீட்டுக் குலுக்கியதில் அது ஹம்முவுக்கே விழுந்திருந்தது. அவன் வாய் தன் பழக்கத்தில் திறந்தது. "ஷர்கி, எங்க மாமா..."

"அவர் நாலு தடவை செத்ததே போதும். கிளம்பு."

மைல்கல் அருகே இத்தோவும் வாத்தியாரும் தேன்காரரும் நின்றார்கள். இத்தோ குனிந்து ஜன்னல் வழியாகத் தம்பியின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். வியாழனன்று ஹம்மு டிரைவர்களின் கூச்சலில் மாட்டிக்கொண்டதால், ஆஸ்பத்திரியிலிருந்து அவளை ருக்கியாதான் வேறொரு டிரைவர் வண்டியில் மலைக்கு அழைத்துப் போயிருந்தாள். இந்த முகத்தை இன்றுதான் பார்க்கிறாள்.

"யாருப்பா நீ? என் தம்பி வரலியா?"

"தம்பி இல்லக்கா," என்றான் ஹம்மு. "இது முறை வண்டி."

அவள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இடுப்பு முடிச்சை அவிழ்த்து, கட்டணத்தை எடுத்து, முன்னால் நீட்டினாள். பனிக்காலம் முழுக்க அவன் அவளிடம் வாங்கியதில்லை. இன்று வாங்கிக்கொண்டான். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, காலை நீட்டி, வண்டியில் தனக்கும் பங்கு உள்ளது என்பதுபோல் ஜன்னலைத் தானே இறக்கிவிட்டாள்.

ஹம்மு சாவியைத் திருகினான்.

"எங்க கெளம்பறே?" என்றாள் இத்தோ. "மூணு பேர்தானே ஏறியிருக்கோம்? முறை வண்டின்னா ஆறு பேர் சேரணும்."

"அக்கா, ஆஸ்பத்திரிக்கு நேரமாகலியா?"

"அதுக்கு இன்னும் நேரம் கெடக்கு. கீழ்வீட்டுக்காரி புள்ளையைத் தூக்கிட்டு வந்துட்டிருக்கா. காத்திரு."

தேன்காரர் முன் சீட்டில் சம்மணம் போட முயன்றார். வாத்தியார் கண்ணை மூடினார். ஹம்மு எஞ்சினை அணைத்துவிட்டு, ஒற்றையடிப் பாதையையே பார்த்துக்கொண்டு, "எந்த மடையன் இந்த முறையைக் கண்டுபிடிச்சானோ!" என்று ஆத்திரத்தோடு மீசையை முறுக்கக் கையைத் தூக்கினான். விரல்கள் வெறும் உதட்டைத் தொட்டன.

"முளைக்கும்டா," என்றாள் இத்தோ பின்னாலிருந்து. "கத்தாதே. உக்காரு."